ஐஸ் பழக்கத்த விட்டு மாசக்கணக்காச்சு, ஆனா தம்பிக்கு எதுலயும் ஆசையே வரல... மூளைல என்னதான் நடக்குது?

மகிழினி:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுமையா படிங்க ப்ளீஸ்.

என் தம்பிக்கு 24 வயசு. காலேஜ்ல கஞ்சால ஆரம்பிச்சு அப்புறம் மெத்துங்கற (மெத்தாம்ஃபெட்டமைன்) போதைப்பொருளுக்குப் போய்ட்டான், அவங்க செட்டுல அத ஐஸ்னு சொல்வாங்க. வீட்டுல எங்களுக்குத் தெரியவே ரொம்ப நாளாச்சு, ஏன்னா ஆரம்பத்துல அவன் முன்னவிட சுறுசுறுப்பாதான் இருந்தான், ராத்திரி பூரா முழிச்சிருந்து படிக்கிறான்னு அம்மா பெருமையா சொல்லிட்டு இருந்தாங்க. அப்புறம் உடம்பு இளைக்க ஆரம்பிச்சது, பொய் சொன்னான், என் பர்ஸ்லருந்து காசு எடுத்தான், கேட்டா என் கண்ணப் பாத்தே இல்லன்னு சாதிச்சான். சின்ன வயசுல ஒரு பென்சில் தொலஞ்சா கூட எங்கிட்ட வந்து சொல்லி அழற பையன் அவன். கடைசில ராத்திரில ஜன்னல் திரைய லேசா விலக்கி விலக்கிப் பாத்துட்டு, யாரோ வெளில நின்னு என்னை வேவு பாக்குறாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சப்பதான் ஆஸ்பத்திரில சேத்தோம்.

இப்ப விட்டு சில மாசம் ஆயிடுச்சு. அந்த சந்தேகம் எல்லாம் போயிடுச்சு, தூக்கம் கூட பரவால்ல. ஆனா எதுலயும் ஆசையே இல்ல அவனுக்கு. பாட்டு கேக்க மாட்டேங்குறான், ஃப்ரெண்ட்ஸ் வேண்டாம், பிடிச்சத சமச்சுக் குடுத்தா நல்லாருக்குன்னு சாப்பிடுறான், ஆனா அவனா எழுந்து போய் எடுத்துச் சாப்பிட மாட்டான். அப்பா இது திமிரு, சோம்பேறித்தனம்னு கத்துறார். அம்மா என் புள்ள மூளையே போச்சுன்னு அழறாங்க. எனக்கு ரெண்டு பேர் சொல்றதும் சரின்னு தோணல. மூளைல நிஜமாவே என்ன ஆயிருக்கும், அது திரும்பி வருமா, அவ்ளோ நேர்மையா இருந்தவன் ஏன் அப்படி மாறினான், இத யாராவது விவரம் தெரிஞ்சவங்க புரியிற மாதிரி சொல்லுங்களேன். அட்வைஸவிட காரணம்தான் எனக்கு வேணும், காரணம் தெரிஞ்சா வீட்டுல பேச முடியும்.

இரவுப்பணி:

மகிழினி, நான் போதை மீட்பு வார்டுல நர்ஸா இருக்கேன், உங்க கேள்விய எங்க வார்டுல கிட்டத்தட்ட எல்லா குடும்பமும் கேக்குது. ஆனா நீங்க சொன்னதுல ஒரு விஷயத்த பெரும்பாலும் யாரும் கவனிக்க மாட்டாங்க, குடுத்தா நல்லாருக்குன்னு சாப்பிடுறான், ஆனா அவனா எழுந்து போய் எடுக்க மாட்டான்னு சொன்னீங்க பாருங்க, அதுலதான் முக்கால்வாசி பதில் இருக்கு.

டோபமைன்னா சந்தோஷம் தர்ற கெமிக்கல்னு எல்லா இடத்துலயும் எழுதி வச்சிருக்காங்க. அந்த எண்ணம் எங்கருந்து வந்துச்சுன்னா, 1954ல கனடால மெக்கில் பல்கலைக்கழகத்துல ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர்னு ரெண்டு பேர் எலி மூளைக்குள்ள மெல்லிசா ஒரு கம்பி வச்சு, எலியே ஒரு நெம்புகோல அழுத்தினா அந்த இடத்துல லேசா கரண்ட் பாயுற மாதிரி செஞ்சாங்க. எலி விடாம அழுத்திக்கிட்டே இருந்துச்சு. பின்னாடி வந்த சோதனைகள்ல மணிக்கு ஆயிரக்கணக்கான தடவை அழுத்துச்சு, பசிச்சாலும் சாப்பாட்டப் பாக்காம அழுத்துச்சு. சரி மூளைல இன்ப மையத்தக் கண்டுபிடிச்சாச்சுன்னு எல்லாரும் நெனச்சாங்க, டோபமைன்தான் அதோட கெமிக்கல்னும் பின்னாடி சொன்னாங்க.

ஆனா பிற்பாடு கென்ட் பெர்ரிட்ஜ், டெர்ரி ராபின்சன் ரெண்டு பேரும் அமெரிக்கால மிச்சிகன் பல்கலைக்கழகத்துல பண்ண வேலை இத தலைகீழா மாத்திடுச்சு. டோபமைன் கிட்டத்தட்ட முழுசா அழிஞ்சுபோன எலிங்க முன்னாடி சாப்பாடு இருந்தும் போய் சாப்பிடாது, விட்டா பட்டினியாவே செத்துப் போயிடும். ஆனா அதே எலி வாயில ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணி விட்டா, சாதாரண எலி மாதிரியே உதட்ட நக்கும், அதாவது ருசி தெரியுது, பிடிக்குது, ஆனா அதத் தேடிப் போகணுங்கிற உந்துதல் இல்ல. பிடிக்கிறது வேற, வேணும்னு இழுக்கிறது வேற, டோபமைன் முக்கியமா ரெண்டாவதுக்குத்தான். உங்க தம்பி இப்ப இருக்குற நெலமையப் படிச்சதும் எனக்கு அந்த எலிதான் ஞாபகம் வந்துச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்கு ருசி போகல, தேடிப் போற விசைதான் போயிருக்கு.

மெத் எப்படி அங்க கொண்டு போய் விடுதுன்னா, மூளைல ஒரு நரம்பு செல் டோபமைன வெளில விட்டதும், வேலை முடிஞ்ச உடனே அத திரும்ப உள்ள இழுத்துக்க ஒரு வாசல் இருக்கு, டிரான்ஸ்போர்ட்டர்னு பேர். கொகெய்ன் அந்த வாசல அடைக்குது, அதனால வெளில வந்தது வெளிலயே தங்கிடுது. மெத் அதோட நிக்கறதில்ல, செல்லுக்குள்ளயே நுழஞ்சு, உள்ள பை பையா பத்திரமா வச்சிருக்குற டோபமைன ஒழுக விட்டு, அந்த வாசலையே பின்னோக்கி ஓட வச்சு எல்லாத்தையும் வெளில கொட்ட வைக்குது. எலிகள்ல அளந்து பாத்தப்ப நல்ல சாப்பாட்டுக்கு டோபமைன் சாதாரண அளவவிட ஒன்றரை மடங்கு ஏறுச்சு, மெத்தோட நெருங்கின சொந்தமான ஆம்ஃபெட்டமைனுக்கு சுமார் 10 மடங்கு. இந்த அளவு அடிக்கடி வந்தா மூளை சும்மா இருக்காது, சத்தம் ஜாஸ்தியானா காதப் பொத்திக்கிற மாதிரி டோபமைன வாங்கிக்கிற டி2ங்கிற ரிசப்டர்களக் குறைச்சுக்குது. மெத்த விட்டதும் வெள்ளம் நின்னுடும், ஆனா ரிசப்டர் உடனே திரும்பி வராது. அதனால பாட்டு, நண்பன், சாப்பாடு மாதிரி சாதாரண விஷயங்களோட சின்ன டோபமைன் அந்தப் பக்கம் போய்ச் சேரவே மாட்டேங்குது. இத திமிருன்னு சொல்ல முடியாது, மூளையே போச்சுன்னும் சொல்ல முடியாது.

திரும்பி வருமான்னு கேட்டீங்க. நோரா வோல்கோவ்னு ஒரு மூளை ஆய்வாளரோட குழு 2001ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, மெத் எடுத்தவங்க மூளைய பெட் (PET) ஸ்கேன்ல பாத்துட்டு, அவங்க விட்டு ஒரு வருஷத்துக்கும் மேல ஆனப்புறம் திரும்பப் பாத்தாங்க. அந்த டிரான்ஸ்போர்ட்டர் அளவு குறிப்பிடத்தக்க அளவு திரும்ப ஏறியிருந்துச்சு. ஆள் எண்ணிக்கை கம்மி, ஞாபகசக்தி, கை கால் வேக சோதனைங்கள்ல அதே அளவு முன்னேற்றம் வரல, அதையும் மறைக்கக் கூடாது. ஆனா செல் மொத்தமா செத்துப் போயிருந்தா இந்த ஏத்தம் வந்திருக்காது. மாசக் கணக்குல எதிர்பாக்காதீங்க, ஒரு வருஷம் ஒன்றரை வருஷம்னு மனச தயார் பண்ணிக்கோங்க. முதல் சில மாசம்தான் ரொம்ப வெறுமையா இருக்கும், எங்க வார்டுலருந்து போறவங்க திரும்ப விழறதும் பெரும்பாலும் இந்த நேரத்துலதான், ஏன்னா ஒரே ஒரு பொருள் மட்டும்தான் அந்த வெறுமைய உடனே போக்கும்னு அவங்களுக்குத் தெரியும்.

காசு எடுத்தது, பொய் சொன்னது பத்தி. நெத்திக்குப் பின்னாடி இருக்குற முன்மூளைதான் இரு, யோசி, நாளைக்கு என்ன ஆகும்னு நிறுத்தற இடம். அது முழுசா முதிர்ச்சி அடைய இருபத்தஞ்சு வயசு கிட்ட ஆகும். உங்க தம்பி அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டார். போதைல ரொம்ப நாள் இருந்தவங்களுக்கு அந்தப் பகுதியோட வேலை மந்தமாகுறது ஸ்கேன்லயே தெரியுது. இன்னிக்குக் கொஞ்சம் பணம் வேணுமா, பொறுத்து வாங்கினா நெறைய வேணுமான்னு கேக்குற சோதனைல இவங்க இன்னிக்குக் கெடைக்கிறதத்தான் ரொம்ப அதிகமா எடுப்பாங்க. அக்கா மேல பாசம் இல்லாம அவர் உங்க பர்ஸத் தொடல. பாசம் இருந்துச்சு, ஆனா அந்த நிமிஷத்துல இழுப்போட பலத்துக்கு முன்னாடி அது நிக்க முடியல. எத்தனையோ பேர் தெளிஞ்சப்புறம் எங்கிட்ட முதல்ல பேசறது அவங்க திருடின ஆள் பத்திதான், அழுதுகிட்டே சொல்வாங்க.

நேர்ப்பேச்சு:

நர்ஸ் மேடம் சொன்னதெல்லாம் மதிக்கிறேன், ஆனா ஒண்ண யோசிங்க. எல்லாத்துக்கும் மூளை மூளைன்னா அப்ப மனுஷனுக்கு பொறுப்பே இல்லயா. என் குடும்பத்துலயும் ஒருத்தர் இருந்தார், குடி, அவர் கைல இந்த மாதிரி விளக்கம் கெடச்சதும் அதையே சாக்கா வச்சு நோய்ங்க என்ன பண்ணுவேன்னு சொல்லியே ஓட்டினார். அதே பொருள எடுத்தவங்க எல்லாரும் அடிமையாகறதில்லயே. வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க சோல்ஜர்ங்க அங்க ஹெராயின் அடிச்சாங்க, ஊருக்குத் திரும்புனதும் பெரும்பாலானவங்க விட்டுட்டாங்கன்னு படிச்சிருக்கேன். அவங்களுக்கு மட்டும் வேற மூளையா. சகோதரி, உங்க அப்பா கோவப்படறதுலயும் நியாயம் இருக்கு, அவரையும் கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க.

இரவுப்பணி:

நேர்ப்பேச்சு, நீங்க சொன்ன வியட்நாம் ஆய்வு உண்மைதான், லீ ராபின்ஸ்னு ஒரு அம்மா பண்ணது. 1971ல திரும்பி வந்த வீரர்கள தேடிப் பிடிச்சு விசாரிச்சாங்க. அங்க இருந்தப்ப கிட்டத்தட்ட 20 சதவீதம் பேர் அடிமையா இருந்ததா அவங்களே சொன்னாங்க, ஊருக்கு வந்த முதல் வருஷத்துல அதுல சுமார் 5 சதவீதம் பேர்தான் திரும்ப அடிமை ஆனாங்க. அந்தக் காலத்துல யாராலயும் நம்ப முடியல. ஆனா அதுலருந்து நான் எடுத்துக்கறது வேற. அவங்க மனவலிமை ஒரே ராத்திரில ஏறல, சுத்தி இருந்த எல்லாமே மாறிடுச்சு, போர் இல்ல, பயம் இல்ல, கைக்கெட்டுற தூரத்துல மலிவா சரக்கு இல்ல, அதே கூட்டாளிங்க இல்ல. மகிழினியோட தம்பி அதே வீட்டுல, அதே ரூம்ல, அதே ஃபோனோட உக்காந்திருக்கார்.

எல்லாரும் அடிமையாகறதில்லங்கறதும் சரி. இரட்டைப் பிறவிகள், தத்துப் பிள்ளைகள வச்சுப் பண்ண ஆய்வுங்கள்ல பாதி அளவு பரம்பரைலருந்து வருதுன்னு தெரியுது, மிச்சம் வாழ்க்கை. சின்ன வயசுல பட்ட அடி, ஆரம்பிச்ச வயசு, எவ்ளோ வேகமா மூளைக்குப் போகுது இதெல்லாம் சேரும். புகையா இழுத்தா சுமார் 10 செகண்ட்ல மூளைக்குப் போயிடும், முழுங்கினா மெதுவா ஏறும், ஒரே பொருள்தான் ஆனா வேகமா ஏறுறப்பதான் பிடி இறுகுது.

பொறுப்பு இல்லன்னு நான் சொல்லல. சுத்தமா முடிவெடுக்க முடியாதவங்களா இருந்தா, டெஸ்ட்ல சுத்தமா வந்தா பரிசு கூப்பன் தர்ற சிகிச்சை வேலையே செஞ்சிருக்காது. ஆனா மெத், கொகெய்ன் விஷயத்துல இப்ப இருக்குறதுலயே நல்லா நிரூபணமான சிகிச்சை அதுதான். அந்த முறைல பெரிய தத்துவம் ஒண்ணும் இல்ல, நல்லது பண்ணா உடனே, இன்னிக்கே, கைல ஏதாவது வருது. தூரத்துல இருக்குற எதிர்காலத்தக் காட்டி பேசுறது இவங்களுக்கு ஏறாது, பக்கத்துல இருக்குற சின்ன சந்தோஷம் ஏறும். அதனால மகிழினி, அப்பாகிட்ட சொல்லுங்க, இன்னிக்கு குளிச்சு வெளில வந்து உக்காந்தானா, அன்னிக்கே அதப் பாத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். உன் வாழ்க்கை என்னாகும்னு கத்துறதவிட அது வேலை செய்யும்.

மீண்டவன்:

மகிழினி அக்கா, நான் அந்தப் பக்கம் இருந்து வந்தவன். அதே பொருள்தான். இப்ப விட்டு வருஷங்கள் ஆச்சு, வேலைக்குப் போறேன். உங்க தம்பி வாய் திறந்து சொல்ல மாட்டார், அதனால நான் சொல்றேன்.

விட்டப்புறம் வர்ற அந்த வெறுமை சோகம் இல்ல. சோகம்னா அழுகையாவது வரும். இது எதுவுமே வராது. எங்க அம்மா பக்கத்துல உக்காந்து தலைய தடவுவாங்க, எனக்கு அவங்கள ரொம்பப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும், ஆனா உள்ள ஒண்ணும் அசையாது, அதவிடக் கொடுமை எதுவும் இல்ல. நான் மனுஷனாவே இல்லயோன்னு பயமா இருக்கும். பல் தேய்க்கணும்னா பிரஷ்ஷப் பாத்துட்டே ரொம்ப நேரம் நிப்பேன், கை போகாது. இதப் பாத்துட்டு சோம்பேறின்னு சொன்னா எப்படி இருக்கும்னு உங்க அப்பாகிட்ட கேளுங்க. எனக்கு முதல்ல திரும்பி வந்தது வாசனை, மழை பெஞ்ச மண் வாசனைக்கு என்னையே அறியாம ஜன்னல் கிட்ட போய் நின்னேன். அப்புறம் ரொம்ப நாள் ஒண்ணுமில்ல. அப்புறம் ஒரு பாட்டு. ஒழுங்கா ஏறி வராது, வரும் போகும்.

இன்னொண்ணு, இழுப்பு. ஆசைன்னு நெனச்சுக்காதீங்க, அது உடம்புல வர்றது. எனக்கு லைட்டர் கிளிக்குன்னு ஒரு சத்தம் கேட்டா போதும், வயித்தக் கலக்கும், வாய்ல தண்ணி ஊறும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், அதுக்கப்புறம்தான் எனக்கே தெரியும் மனசு எங்க போயிடுச்சுன்னு. கவுன்சிலர் சொன்னார், கொகெய்ன் விட்டவங்களுக்கு அது சம்பந்தப்பட்ட படத்த 33 மில்லிசெகண்ட் மட்டும் காட்டிப் பாத்திருக்காங்களாம், படம் வந்ததே அவங்களுக்குத் தெரியாது, ஆனா ஸ்கேன்ல மூளையோட ஆசைப் பகுதிங்க சுறுசுறுப்பாகுறது தெரியுது. கண்ணுக்கே தெரியாதத எதுத்து எப்படி மனவலிமை காட்டுறது. நேர்ப்பேச்சு அண்ணா, உங்க வீட்டுல நடந்தது எனக்குப் புரியுது, உங்க கோவமும் புரியுது, ஆனா வெளில நின்னு பாக்குறவங்களுக்கு தெரியிற முடிவு, உள்ள இருக்குறவனுக்கு முடிவா தெரியிறதுக்கு முன்னாடியே பாதி வழி போயிடும்.

எல்லாரும் நாளாக ஆக இழுப்பு கொறையும்னு நெனப்பாங்க. எலிங்கள்ல பாத்தா விட்ட முதல் சில வாரத்துல, மாசத்துல, அந்தத் தூண்டுதலுக்கு வர்ற இழுப்பு கூடிக்கிட்டே போகுது, அப்புறம்தான் இறங்குது. அதனால உங்க தம்பி இப்ப தெளிவா இருக்கார்னு தனியா பழைய இடத்துக்கு அனுப்பிடாதீங்க. சிம் கார்ட மாத்துங்க, பழைய நம்பர் எதுவும் ஃபோன்ல இருக்கக் கூடாது. புகைச்ச ரூம்ல படுக்க வைக்காதீங்க, முடிஞ்சா கட்டில் போட்ட இடத்தயாவது மாத்துங்க, பெயின்ட் அடிங்க. சின்ன விஷயமா தெரியும், எனக்கு அதுதான் உயிர் குடுத்துச்சு.

மகிழினி:

மீண்டவன் தம்பி, படிச்சிட்டு அழுதுட்டேன். அம்மாகிட்டயும் படிச்சுக் காட்டினேன். இரவுப்பணி அக்கா, அந்த எலி விஷயத்த அப்பாகிட்ட சொன்னேன், ஒண்ணும் பேசல, ஆனா சாயங்காலம் அவன் ரூமுக்குப் போய் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டு வந்தார்.

இப்ப ஒரு புது பயம். நேத்து அவன் எங்கிட்ட கேக்குறான், ஐஸ்தான் விட்டாச்சுல்ல, கஞ்சா இயற்கைதானே, அதுவும் இல்லன்னா ரெண்டு பெக், அந்த மாதிரி ஏதாவது இருந்தா இந்த வெறுமைய தாண்டிடலாம்ங்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. கஞ்சால யாரும் சாகறதில்லன்னும் சொல்றான்.

மாத்திரைப்பெட்டி:

நான் மருந்தியல் பாடம் எடுக்குறவன், இவ்ளோ நேரம் படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இந்தக் கேள்விக்காக எழுதறேன்.

முதல்ல கஞ்சா. கஞ்சால முக்கியமா வேலை செய்யிறது டிஎச்சி, 1964ல இஸ்ரேல்ல ரஃபேல் மெக்கூலமும் கவோனியும் அதோட அமைப்பக் கண்டுபிடிச்சாங்க. மூளைல அது போய் ஒட்டுற சிபி1 ரிசப்டர் ஞாபகம் பதியிற ஹிப்போகாம்பஸ்லயும், அசைவ சரிபண்ற பகுதிங்கள்லயும் நெறைய இருக்கு. மூச்ச நடத்துற மூளைத்தண்டுல ரொம்பக் கம்மி, அதனாலதான் ஹெராயின் மாதிரி மூச்சு நின்னு சாகறது கஞ்சால நடக்கறதில்ல. உங்க தம்பி சொன்னது அந்த அளவுக்கு சரி. ஆனா அவருக்கு நடந்தது மூச்சுப் பிரச்சனை இல்லயே, ஜன்னல் திரைய விலக்கி வேவு பாக்குறாங்கன்னு சொன்னார்ல, அதுக்குப் பேர் மனப்பிறழ்வு. அந்தப் பக்கம் ஒரு தடவை போய் வந்தவருக்கு கஞ்சா சாதாரண விஷயம் இல்ல. ஸ்வீடன்ல ராணுவத்துக்கு சேர்ந்த 45,000 பேருக்கு மேல பல வருஷம் தொடர்ந்து பாத்து 1987ல வந்த ஆய்வுல, 18 வயசுக்குள்ள அதிகமா கஞ்சா எடுத்தவங்களுக்கு ஸ்கிசோஃப்ரினியாங்கிற மனச்சிதைவு நோய் வர்றது 6 மடங்கு இருந்துச்சு. கஞ்சாதான் முழுக் காரணமா, ஏற்கனவே வர இருந்ததா, இதெல்லாம் இன்னும் விவாதத்துல இருக்கு, வேற காரணங்களக் கணக்குல எடுத்தா அந்த மடங்கு குறையுது. ஆனா டிஎச்சி அதிகமா இருக்குற சரக்க தெனமும் எடுக்குறவங்களுக்கு அபாயம் கூடுதல்ங்கறது திரும்பத் திரும்ப தெரிஞ்சுட்டே இருக்கு. மெத்ல ஒரு தடவை இந்த சந்தேக நோய் வந்தவங்களுக்கு அடுத்த தடவை முன்னவிடக் கம்மியான அளவுலயே வரலாம், சில பேருக்கு ரொம்ப மன அழுத்தம், தூக்கமின்மையே போதும். அப்படி ஒரு மூளைல கஞ்சாவ வச்சு சோதனை பண்ணக் கூடாது. இயற்கைங்கறத வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, அபினும் செடிலருந்து வர்றதுதான், புகையிலையும் செடிதான்.

ரெண்டு பெக் விஷயம். மதுவால டோபமைன் மட்டும் மாறறதில்ல, மூளைய அமைதிப்படுத்துற காபா வேலைய கூட்டுது, உசுப்புற குளுட்டமேட்டோட என்எம்டிஏ ரிசப்டர அமுக்குது. முதல்ல மயங்கறதே இரு யோசின்னு சொல்ற முன்மூளைதான், நர்ஸ் அம்மா சொன்னாங்களே அதே இடம். மெத் விட்டவர் குடிச்ச ராத்திரில மெத்துக்குத் திரும்பப் போறது இதனாலதான் ரொம்ப சகஜம். அவர் மெத் தேடிப் போக முடிவு பண்ணியிருக்க மாட்டார், வேண்டாம்னு சொல்ற குரல் மட்டும் அடங்கியிருக்கும். வேகமா நெறைய குடிச்சா ஹிப்போகாம்பஸ் புது ஞாபகம் பதியிறத நிறுத்திடும், ஆள் நடப்பார், பேசுவார், பைக் கூட ஓட்டுவார், ஆனா அந்த நேரம் எங்கயும் பதியவே பதியாது, மறுநாள் எவ்ளோ யோசிச்சாலும் வராது, இல்லாதத எப்படி எடுக்குறது. அவர் பொய் சொல்றார்னு வீட்டுல சண்டை வரும், பாவம் அவருக்கு நிஜமாவே தெரியாது.

இத படிக்கிற மத்தவங்களுக்கும் சேத்து ஒண்ணு சொல்லணும், இது உயிர் சம்பந்தப்பட்டது. தெனமும் அதிகமா குடிக்கிறவங்க, தூக்க மாத்திரை வகைல பென்சோடயசெபின் ரொம்ப நாள் எடுக்குறவங்க திடீர்னு ஒரே நாள்ல நிறுத்தக் கூடாது. மூளை இத்தன நாள் அந்த அமுக்கத்துக்கு எதிரா தன்னை உசுப்பி வச்சிருக்கும், அமுக்கம் திடீர்னு போனா வலிப்பு வரும், குழப்பம் வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், சிகிச்சை இல்லன்னா சாவு கூட வரும். வைராக்கியம்னு பேர் வச்சு வீட்டுல பூட்டி வைக்காதீங்க, டாக்டர் கண்காணிப்புல படிப்படியா குறைக்கணும்.

அதே மாதிரி ஹெராயின் வகையறா எடுத்தவங்க விட்டு கொஞ்ச காலம் ஆனதும் பழைய அளவ திரும்ப எடுத்தா மூச்சு நின்னுடும், ஏன்னா உடம்போட தாங்குற சக்தி போயிருக்கும், மீட்பு மையத்துலருந்தோ ஜெயில்லருந்தோ வெளில வந்த முதல் ரெண்டு வாரம்தான் ரொம்ப ஆபத்து. தாங்குற சக்தி இடத்தக் கூட பொறுத்துங்கிறது பலருக்குத் தெரியாது. ஷெப்பர்ட் சீகல்னு ஒருத்தர் 1982ல எலிகளுக்கு ஒரே அறைல ஹெராயின் குடுத்துப் பழக்கி, கடைசில அதிக அளவு ஒண்ணு குடுத்தார். பழகின அறைல குடுத்தப்ப சுமார் 32 சதவீதம் செத்துச்சு, அதே பழகின எலிகளுக்கு வேற அறைல குடுத்தப்ப சுமார் 64 சதவீதம் செத்துச்சு. பொருள் ஒண்ணு, அளவு ஒண்ணு, அறைதான் வேற. வழக்கமான இடத்தப் பாத்ததுமே மூளை முன்கூட்டி எதிர்வேலைய ஆரம்பிச்சுடுது, புது இடத்துல அந்த தயாரிப்பு இல்ல. மீண்டவன் சொன்ன லைட்டர் சத்தம் இருக்கே, வயித்தக் கலக்குறது, நெஞ்சு அடிக்கிறது, அதுவும் இதே மாதிரி முன்கூட்டி வர்ற கத்துக்கிட்ட எதிர்வினைதான்.

வெளில வாங்குற பொடில என்ன இருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது, அத ஒரு வரில சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. 1982ல கலிஃபோர்னியால சில இளவயசுக்காரங்க செயற்கை ஹெராயின்னு ஒண்ண ஊசி போட்டாங்க, அதுல எம்பிடிபின்னு ஒரு அசுத்தம் தயாரிப்புல கலந்திருந்துச்சு. சில நாள்லயே அவங்க உடம்பு இறுகிப் போச்சு, பேச முடியல, அசைய முடியல, வயசானவங்களுக்கு வர்ற பார்க்கின்சன் நோய் இளவயசுல வந்த மாதிரி. வில்லியம் லாங்ஸ்டன்னு ஒரு நரம்பியல் டாக்டர்தான் துப்புத் துலக்கினார். அந்த அசுத்தம் மூளைல டோபமைன் தயாரிக்கிற செல்களையே கொன்னுடுச்சு. மெத் விட்டவங்களுக்கு திரும்பி வருதுன்னு சொன்னோமே, இந்த இளவயசுக்காரங்களுக்கு அது திரும்பி வரல.

நேர்ப்பேச்சு:

மாத்திரைப்பெட்டி சார், அந்த மறதி பத்தி சொன்னது எனக்குப் புதுசு. எங்க வீட்டுல அந்த விஷயத்துக்காகவே எவ்ளோ சண்டை நடந்திருக்கு. பொறுப்பு வேணுங்கறத நான் இன்னும் விட்டுக்குடுக்கல, ஆனா மீண்டவன் எழுதினது மனச என்னமோ பண்ணுது. மெத்துக்கு மாத்திரை எதுவும் இல்லயா, ஹெராயினுக்கு குடுக்குறாங்களே அது மாதிரி.

மாத்திரைப்பெட்டி:

ஹெராயின் வகைக்கு மெத்தடோன், புப்ரனார்ஃபின் இருக்கு, ரெண்டும் சாவக் குறைக்குதுன்னு நல்லா தெரிஞ்ச விஷயம், ஒரு போதைக்கு பதில் இன்னொரு போதைன்னு சொல்லி அத நிறுத்த வைக்கிற குடும்பங்கள் தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. மதுவுக்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் இருக்கு. மெத்துக்குன்னு அங்கீகாரம் கெடச்ச மாத்திரை இன்னும் வரல. அமெரிக்கால பெரிய அளவுல பண்ணி 2021ல வெளிவந்த ஒரு ஆய்வுல நால்ட்ரெக்சோன் ஊசியும் புப்ரோபியான் மாத்திரையும் சேத்துக் குடுத்தப்ப 13.6 சதவீதம் பேருக்கு பலன் இருந்துச்சு, மருந்தே இல்லாத சும்மா ஊசியும் மாத்திரையும் எடுத்தவங்கள்ல 2.5 சதவீதம். சின்ன பலன்தான், ஆனா உண்மையான பலன். தம்பிக்கு இது பொருந்துமாங்கறத அவரப் பாக்குற மனநல டாக்டர்தான் சொல்லணும், வலிப்பு வந்த வரலாறு இருந்தா புப்ரோபியான் கூடாது. மகிழினி, இந்த ஆசையின்மையோட கூடவே வாழ்றதுல அர்த்தமில்லன்னு அவர் எப்பவாவது பேசினா அத வெறுமைன்னு விட்டுடாதீங்க, அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, மெத் விட்ட காலத்துல தற்கொலை எண்ணம் வர்றது உண்டு.

மகிழினி:

அந்த மாதிரி இதுவரைக்கும் பேசல சார். ஆனா நான் கேட்டதும் இல்ல. இன்னிக்குக் கேக்குறேன். அடுத்த வாரம் டாக்டர பாக்கப் போறப்ப அவன் கஞ்சா, பெக் பத்தி கேட்டதையும் சொல்லணுமா, சொன்னா அவன் என் மேல நம்பிக்கை இழந்துடுவானோன்னு இருக்கு.

மீண்டவன்:

அவர்கிட்டயே சொல்லிட்டு சொல்லுங்க அக்கா. நான் டாக்டர்கிட்ட இத சொல்லப் போறேன், நீயே சொன்னா இன்னும் நல்லதுன்னு முன்கூட்டியே சொல்லுங்க. என் அக்கா அப்படித்தான் செஞ்சா. கோவம் வந்துச்சு, ரெண்டு நாள் பேசல, ஆனா முதுகுக்குப் பின்னாடி ஒண்ணும் நடக்கலன்னு தெரிஞ்சுச்சு. அப்புறம் அவர் உங்ககிட்ட இத வாய்விட்டு கேட்டாரே, வாங்கிட்டு வந்து ஒளிச்சு வைக்கலயே, அத நல்ல விஷயமா எடுத்துக்கோங்க.